ஆர்த்தத் தியானத்தை அறிவோம்

கழுகுமலைச் சிற்பங்களின் துணையுடன் மன அழுத்தம் பற்றிய ஒரு பாடம்

மன அழுத்தம் என்னும் சொல் இன்று பள்ளிச் சிறுவர் முதல் முதியோர் வரை எல்லோராலும் வழங்கப்படுகிறது. தேர்வு, வேலை, கடன், நோய், பெண்ணின் திருமணம், வெளியூரில் வாழும் பிள்ளைகள் என்று அதற்குக் கூறப்படும் காரணங்களும் பலவாகும். சொல் புதியதாயினும் பொருள் பழையது. நமது ஆசாரியர்கள் இதனை ஆர்த்தத் தியானம் என்று பெயரிட்டு, வகை பிரித்து, அது யார் யாருக்கு உண்டாகும் என்பதையும் ஆராய்ந்து வைத்துள்ளனர். அவர்கள் கூறியதையும், கடந்த நூறாண்டுகளில் உளவியல் அறிஞர்கள் கண்டறிந்ததையும் அருகருகே வைத்துப் படிப்பது இல்லறத்தார்க்குப் பெரிதும் பயன்படும். அத்தகைய படிப்புக்கு ஏற்ற இடமாகக் கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தையும், அங்குள்ள கழுகுமலையையும் எடுத்துக்கொள்வோம்.

கரிசல் நிலமும் கவலையும்

கரிசல் மண் மழை பெய்தால் உப்பிக் குழைந்து காலைப் பற்றும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். வற்றாத ஆறு அங்கில்லை. உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் எனப் பெரும்பாலும் மானாவாரி வேளாண்மையே நடைபெறுகிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பவர் அதன்பின் வானத்தை நோக்கியே வாழவேண்டும். கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது; வறட்சியைத் தாங்கும் விதைகளை அது தந்துள்ளது. ஆயினும் மழையைத் தர எந்த நிலையத்தாலும் இயலாது.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. 2018இல் படைப்புழு என்னும் புதிய பகை மக்காச்சோளத்தைத் தாக்கியது. 2023 டிசம்பரில் அதே தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இல்லாமையும் மிகுதியும் ஒரே மாவட்டத்தை மாறி மாறி வருத்தின.

வேளாண்மைக்கு அடுத்து இவ்வட்டார மக்களைத் தாங்குவது தீப்பெட்டித் தொழில். ஒரு தீப்பெட்டியின் விலை 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பர் முதல் நாளன்றுதான் இரண்டு ரூபாயாயிற்று. அதற்குள் மூலப்பொருள்களின் விலை பலமுறை ஏறிவிட்டது. விற்பவருக்கு விலை கவலை. எண்ணிக்கைக்குக் கூலி பெறும் பெண்களுக்குக் கை ஓய்ந்தால் அன்றைய வருவாய் குறையுமே என்னும் கவலை.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களில் வாழ்கின்றன. ஏரி பார்த்துப் பயிரிடும் வந்தவாசிப் பகுதி உழவருக்கும், சென்னையில் மாதச் சம்பளம் பெறுவோருக்கும் கவலையின் பெயர் வேறாக இருக்கலாம். அதன் தன்மை ஒன்றே. தன் முயற்சிக்கு உட்பட்டதும் உட்படாததும் பின்னிக் கிடக்கும் நிலையில் மனம் இரவும் பகலும் ஒன்றையே சுற்றுகிறது.

உடலில் நிகழ்வது

இந்நிலையில் உடலில் நிகழ்வதை முதலில் அறிவோம். பாம்பைக் கண்டவுடன் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடல் ஆயத்தமாவதே இது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் விளக்கினார். பாம்பு அகன்றால் உடலும் தணியும். கடன் என்னும் பாம்போ அகல்வதில்லை. அத்தகைய நெடிய சுமையில் உடல் முதலில் எச்சரிக்கை அடைந்து, பின்னர் எதிர்த்துத் தாங்கி, இறுதியில் தளர்ந்துவிடுகிறது என்பதைக் கனடாவில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலி 1936ஆம் ஆண்டு முதல் எடுத்துக் காட்டினார். உறக்கமின்மை, செரியாமை, தலைவலி, காரணமற்ற சினம், இரத்த அழுத்தம் ஆகியன இத்தளர்ச்சியின் அடையாளங்களாக இருக்கலாம்.

நிகழ்ச்சி மட்டுமே அழுத்தத்தை உண்டாக்குவதில்லை என்பது அடுத்த கண்டுபிடிப்பு. ஒரே மழைப் பொய்ப்பில் அடுத்தடுத்த இரு வீட்டார் ஒரே அளவு துன்புறுவதில்லை. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்னும் அறிஞர்கள் 1984இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை கூறினர். மனம் முதலில் "இது எனக்குக் கேடா?" என்று மதிப்பிடுகிறது, அடுத்து, "இதற்கு என்னால் ஆவது என்ன?" என்று மதிப்பிடுகிறது. இவ்விரு மதிப்பீடுகளே அழுத்தத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. அதனை எதிர்கொள்ளும் வழிகளும் இரண்டு. மாற்றக்கூடியதை மாற்ற முயல்வது ஒன்று. மாற்ற இயலாததன்முன் மனத்தைப் பேணுவது மற்றொன்று. எந்த இடத்தில் எதனைக் கையாள்வது என்று அறிவதே விவேகம்.

ஆர்த்தமும் தியானமே

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்லம் என நான்காகப் பகுக்கிறது. பின்னிரண்டும் வீட்டு நெறிக்குக் காரணமாவன. முன்னிரண்டும் விலக்கத்தக்கன. இப்பகுப்பில் நாம் கவனிக்க வேண்டியது, கவலையும் தியானம் என்றே எண்ணப்பட்டிருப்பதாகும். "எனக்குத் தியானம் வராது" என்று சொல்வோர் பலர். ஒரு கடன் சீட்டை எண்ணி இரவு முழுதும் விழித்திருப்பவருக்கு ஒருமுகப்பாடு இல்லையென எவ்வாறு கூறுவது? ஒருமுகப்படும் ஆற்றல் அவரிடம் உளது. பற்றிய பொருளே பிழையானது. ஆதலின் கவலைப்படுவோர் எவரும் தியானத்திற்குத் தகுதியற்றவர் அல்லர்.

நெடுநேரம் ஒரே துன்பத்தை அசைபோடுவது துன்பத்தை நீட்டிக்கும் என்பதை சூசன் நோலன்-ஹோக்சிமா என்னும் உளவியல் அறிஞரின் ஆய்வுகள் 1990களில் காட்டின. அசைபோடுபவர் தாம் சிக்கலுக்குத் தீர்வு காண்பதாகவே எண்ணுகிறார். உண்மையில் செயலில் இறங்கும் ஊக்கம் அவரிடம் குறைந்துகொண்டே போகிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. ஆர்த்தத் தியானம் விரதமேற்காதவருக்கும், அணுவிரதிகளுக்கும், பிரமத்த சம்யதருக்கும் உண்டாகும் என்று சூத்திரம் கூறுகிறது. பிரமத்த சம்யதர் எனப்படுவோர் ஆறாம் குணஸ்தானத்தில் நிற்கும் முனிவரே. முனிவருக்கும் நேரக்கூடிய ஒன்று இல்லறத்தாருக்கு நேர்ந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? "தர்மம் அறிந்த வீட்டில் இப்படியா?" என்று கேட்டு ஒருவரை நாணச் செய்வது நூலறிவாகாது.

நால்வகை ஆர்த்தமும் நால்வகை மருந்தும்

ஆர்த்தத் தியானம் நான்கு வகைப்படும். எது எவ்வகை என்று பெயரிட்டு அறிந்தால் மருந்தும் தெளிவாகும்.

முதலாவது அநிஷ்ட சம்யோகம். வேண்டாத ஒன்று வந்து சேர்ந்தபோது, "இது எப்போது தொலையும்?" என்று இடைவிடாது எண்ணுவது. பயிரில் புழு, வாசலில் கடன்காரர், அலுவலகத்தில் கடுஞ்சொல் கூறும் மேலாளர் என்பன சான்றுகள். இங்கு முதல் மருந்து செயலே. ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒருபுறம் என்னால் செய்யக்கூடியன, மறுபுறம் என் கையில் இல்லாதன என்று எழுதுக. வேளாண் அலுவலரைக் காண்பது, பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் தருவது, வங்கியில் தவணையை மாற்றக் கேட்பது ஆகியன முதற்புறத்தில் வரும். மழை மறுபுறத்தில் வரும். முதற்புறத்தை விட்டுவிட்டு மறுபுறத்தைத் தியானிப்பதே ஆர்த்தம்.

இரண்டாவது இஷ்ட வியோகம். அன்புக்குரியவரையோ பொருளையோ இழந்து வருந்துவது. இங்கு மேற்சொன்ன செயல் மருந்து பயன்படாது; இறந்தவரைத் திரும்பப் பெற ஒரு விண்ணப்பமும் இல்லை. காலமும், உடனிருப்போரின் துணையும், பின்னர் அநித்திய, அசரண பாவனைகளும் இதற்கு மருந்து. "பின்னர்" என்று சொல்வதற்குக் காரணமுண்டு. துக்க வீட்டில் முதல் நாளே "எல்லாம் அநித்தியம், அழாதே" என்பது புண்ணில் உப்பிடுவதாகும். பாவனை தானே எண்ணித் தெளிவதற்கு உரியது. பிறர் வாயை அடைப்பதற்கு உரியதன்று.

மூன்றாவது வேதனை. உடல் நோவையே எண்ணி எண்ணி நைவது. குனிந்தே வேலை செய்வோரின் கழுத்து வலி, முதியோரின் மூட்டு வலி இவ்வகையின. மருத்துவம் முதலில் வேண்டும். மருத்துவத்திற்குப் பின்னும் எஞ்சும் வலியை எதிர்த்து மனம் போராடும்போது வலி இரட்டிக்கிறது. ஜான் கபாட்-சின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியுடையோருக்கு அவ்வலியை விருப்பு வெறுப்பின்றிக் கவனிக்கும் பயிற்சியைத் தொடங்கினார். வலியை முற்றிலும் நீக்குவதாக அப்பயிற்சி வாக்களிக்கவில்லை. வலியோடு வாழும் ஆற்றலையே வளர்த்தது. அறிபவன் வேறு, அறியப்படும் உடல் வேறு என்னும் அந்நியத்துவ பாவனையை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

நான்காவது நிதானம். வழக்குத் தமிழில் நிதானம் என்றால் அவசரமின்மை. ஆகமத்தில் அதன் பொருள் ஏறக்குறைய எதிரானது. வரப்போகும் இன்பத்தை எண்ணி ஏங்குவதே நிதானம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண், உறவினரின் புது வீடு, வெளிநாட்டு வேலை ஆகியவற்றை எண்ணி, "எனக்கு எப்போது?" என்று வேகும் மனம் இவ்வகையினது. மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே தம் மதிப்பை அளக்கிறார்கள் என்று லியான் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். இதற்கு மருந்து பரிக்கிரகப் பரிமாண விரதம். இவ்வளவு போதும் என்று முன்னரே எல்லை வரைந்துகொண்டவரை ஒப்பீடு அதிகம் தீண்டாது. பெற்றோர் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் இத்தகைய எல்லை வகுப்பது நலம்.

இரு நாழிகைப் பயிற்சி

ஒரு முகூர்த்தம் என்பது இரு நாழிகை; அதாவது 48 நிமிடம். சாமாயிகத்திற்கு வகுத்த கால அளவும் அதுவே. புதிதாகத் தொடங்குவோர் 10 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம். கீழ்க்காணும் முறை மரபின் உறுப்புகளைக் கொண்டது. உளவியல் கண்டதோடும் ஒத்துப்போவது.

1. காயோத்சர்க்கம். அமர்ந்தோ நின்றோ, கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாக எண்ணி இறுக்கத்தை விடுக. தசைகளை முறையே தளர்த்தினால் மனமும் தளரும் என்பதை எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தேராபந்த மரபின் ஆசார்ய மகாப்ரக்ஞர் 1975இல் வகுத்த பிரேக்ஷா தியானத்திலும் இது முதன்மையான உறுப்பு.

2. மூச்சும் மந்திரமும். பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒரு முறைக்கு மூன்று மூச்சாக, ஒன்பது முறைக்கு 27 மூச்சில் ஓதுவது நம் மரபு. அவசரமின்றிச் செய்தால் மூன்று நிமிடம் ஆகும். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. எண்ணிக்கையை விரைந்து முடிப்பவருக்கு இப்பயன் கிட்டாது.

3. பெயரிடுதல். இன்று என்னைப் பற்றியது நான்கில் எது என்று ஒரு வரி எழுதுக. மனத்தை வருத்தும் நிகழ்ச்சியைப் பற்றி நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள் பின்னர் மருத்துவரை நாடியது குறைந்தது என்று ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது.

4. ஒரு செயல். நாளை செய்யத்தக்க ஒரே ஒரு செயலைத் தீர்மானிக்க. கவலை வேறு நேரத்தில் தலைகாட்டினால், "உனக்குரிய நேரம் மாலையில் உண்டு" என்று ஒத்திவைக்க. கவலைக்கென நாளில் ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் ஒதுக்குவது கவலையைக் குறைக்கும் என்பதை தாமஸ் போர்க்கோவெக்கும் அவர் உடன் ஆய்ந்தோரும் 1983இல் காட்டினர். நாள்தோறும் அதே வேளையில் சாமாயிகம் செய்வோர்க்கு அந்த நேரமும் இடமும் முன்பே அமைந்துள்ளன.

5. மைத்ரி. எல்லா உயிர்களிடத்தும் நட்பு, குணமுடையோரிடம் மகிழ்ச்சி, துன்புறுவோரிடம் கருணை, முரண்படுவோரிடம் நடுநிலை ஆகிய நான்கையும் எண்ணி முடிக்க. கடுஞ்சொல் கூறியவரை நான்காம் இடத்தில் வைத்தால் போதும். அவரை நேசிக்க முயன்று தோற்க வேண்டுவதில்லை.

பொறுத்தல் வேறு, மறைத்தல் வேறு

இனி கழுகுமலைக்கு வருவோம். கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள இம்மலையில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலமாகிய எட்டாம் நூற்றாண்டையும் அதை ஒட்டிய காலத்தையும் சார்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. திருவுருவங்களைச் செய்வித்தோருள் ஆசிரியரும் மாணவரும், பட்டாரரும் குரத்தியாரும், தொழில் செய்து வாழ்ந்த எளியோரும் காணப்படுகின்றனர். மழை பொய்க்கும் மண்ணின் நடுவே அம்மலை ஒரு கல்விச்சாலையாகவும் விளங்கியது.

அங்குள்ள இரு சிற்பங்களைக் காண்போம். ஒன்றில் பார்சுவநாதர் அசையாது நிற்கிறார். கமடன் பாறையைத் தூக்கி எறிய முனைகிறான். மற்றொன்றில் பாகுபலி நிற்கிறார். கொடிகள் அவர் உடலில் படர்ந்துள்ளன. இவற்றைக் காட்டி, "எவ்வளவு துன்பம் வந்தாலும் வாய் திறவாமல் தாங்க வேண்டும்" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். சிற்பத்தை முழுதாகப் பார்த்தால் பாடம் விரிகிறது. பார்சுவநாதரின் தலைக்குமேல் தரணேந்திரன் படம் விரித்துக் காக்கிறான். பாகுபலியின் இருபுறமும் சகோதரியர் நிற்கின்றனர். ஓராண்டு நின்ற பின்னும், தன்னால் தமையன் வருந்தினானே என்னும் எண்ணம் பாகுபலியின் உள்ளத்தில் எஞ்சியிருந்தது. பரதன் வந்து வணங்கியபோதே அது நீங்கிற்று என்று ஆதிபுராணம் கூறும். தவத்தில் சிறந்தோர் இருவர் அருகிலும் துணை வந்து நின்றதைச் சிற்பி விடாது செதுக்கியுள்ளார்.

எனவே சமதை என்பது வாய்மூடிக் கிடப்பதன்று. பிராயச்சித்தத்தின் முதல் வகை ஆலோசனை. உள்ளதை ஒளியாமல் குருவிடம் எடுத்துரைப்பதே அதன் பொருள். இன்று மனநல ஆலோசனை என்று அதே சொல்லை மருத்துவமனைகளில் வழங்குகிறோம். உள்ளத்தில் இருப்பதை வெளியே வைப்பதே இரண்டிலும் முதற்படி. கேட்பவருக்கும் கடமையுண்டு. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூஹனம் பிறர் குறையை ஊரறியச் செய்யாமை. ஸ்திதிகரணம் தளர்ந்தவரை நிலைநிறுத்துதல். மனம் தளர்ந்த ஒருவர் நம்மிடம் பேசினால் இவ்விரண்டும் ஒருசேர வேண்டப்படுகின்றன.

இரு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் குன்றுதல், எதிலும் விருப்பமின்மை, "நான் பிறருக்குச் சுமை" என்னும் பேச்சு ஆகியன தோன்றினால் மருத்துவரைக் காணவேண்டும். காய்ச்சலுக்கு மருந்துண்பது தர்மத்திற்கு முரணாகாதது போல, மனநோய்க்கு மருந்துண்பதும் முரணாகாது. சாமாயிகம் மருத்துவத்திற்குத் துணை, மாற்று அன்று.

சாவை விரும்பும் எண்ணம் எழுந்தால் அதனைச் சமயத்தின் பெயரால் எவரும் மூடலாகாது. சல்லேகனை நோற்பவருக்குக்கூட மரணத்தை விரும்புதல் அதிசாரம், அதாவது குற்றம், என்றே தத்துவார்த்த சூத்திரம் விதிக்கிறது. துயரத்தால் விளையும் அவ்விருப்பம் நோயின் அறிகுறி. அதற்குத் தேவை உடனடி உதவி. அவ்வுந்துதல் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியக்கூடியது. ஆதலால் அந்நேரத்தில் ஒருவர் உடனிருப்பதும், பூச்சிமருந்து கைக்கெட்டாமல் இருப்பதும் உயிரைக் காக்கும். 1986இல் சென்னையில் சிநேகா அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் கடலூர் மாவட்டச் சிற்றூர்களில் பூச்சிமருந்துகளைப் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கச் செய்து, 2013இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். உழவர்கள் அம்முறையை ஏற்றுக்கொண்டனர். உழவர் வீடுகள் எல்லாம் பின்பற்றத்தக்க வழக்கம் இது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே அழைக்கலாம், கட்டணமில்லை. தமிழக அரசின் 104 என்னும் எண்ணும் உண்டு. இவ்விரு எண்களையும் வீட்டு நாள்காட்டியில் எழுதி வைத்தல் நன்று.

குடும்பத்தோடு சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஆர்த்தத் தியானத்தின் நான்கு வகைகளையும் கூறி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டு வாழ்விலிருந்து ஒரு சான்று தருக.

2. நிதானம், ஆலோசனை ஆகிய சொற்களுக்கு வழக்கிலும் ஆகமத்திலும் உள்ள பொருள் வேறுபாடு யாது?

3. இப்போது உங்களை வருத்தும் ஒரு கவலையை எடுத்துக்கொண்டு, கையில் உள்ளன, கையில் இல்லாதன என இரண்டாகப் பிரித்து எழுதுக. முதற்பகுதியில் நாளை செய்யத்தக்கது எது?

4. துக்க வீட்டில் சொல்லத்தக்கன எவை? சொல்லாமல் உடனிருப்பது எப்போது சிறந்தது?

5. உங்கள் வீட்டில் அண்மைக்காலமாகப் பேச்சுக் குறைந்தவர் யாரேனும் உளரா? இவ்விதழை மூடி வைத்தபின் அவர் அருகே சென்று அமர்ந்து, அவர் கூறுவதை இடைமறிக்காமல் கேட்பீர்களாக.